பிளெக்ஸ் வந்த கதை: தூரிகை முதல் சால்வென்ட் பிரிண்டர் வரை



வரலாறு என்றால் ராஜாக்கள், போர்கள், கல்வெட்டுகள் என்றுதான் பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறோம். நம் கண்ணெதிரே நடந்து முடிந்த வரலாறும் ஒன்று இருக்கிறது. எங்கள் இனயம் கடற்கரையில் இருந்து கருங்கல் வரை ஒருமுறை போய்ப் பாருங்கள். கல்யாணம், பூப்புனித நீராட்டு, பங்குத் திருவிழா, முப்பதாம் நாள் நினைவு, கட்சிக்கூட்டம் என்று எல்லாவற்றுக்கும் ஒரு பிளெக்ஸ் பேனர் நிற்கும். முப்பது வருடங்களுக்கு முன்னால் இதில் ஒன்றுகூட கிடையாது. அப்போது எழுதியது கை. இப்போது அடிப்பது மெஷின். அந்த மெஷினின் பெயர் சால்வென்ட் பிரிண்டர். அது எப்படி வந்தது, எப்படி வேலை செய்கிறது, கடை வைக்க நினைப்பவர் எதைப் பார்த்து வாங்கவேண்டும், அது நமக்கு என்ன விட்டுவிட்டுப் போகிறது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

கட்டம் போட்டு வரைந்த காலம்

தமிழ்நாட்டில் பேனர் என்றாலே முதலில் ஞாபகம் வருவது சினிமாதான். சின்ன புகைப்படத்தின் மேல் கட்டம் போடுவார்கள். அதே கட்டங்களை பெரிய துணியில் பெரிதாகப் போட்டு, ஒவ்வொரு கட்டமாக முகத்தை வரைந்து முடிப்பார்கள். கட்-அவுட் என்றால் பலகையை உருவத்தின் ஓரமாக வெட்டி, சவுக்குக் கம்பு கட்டி நிறுத்துவார்கள். 1957-ல் வெளிவந்த சிவாஜியின் 'வணங்காமுடி' படத்துக்கு மோகன் ஆர்ட்ஸ் செய்த கட்-அவுட் இன்றும் பேசப்படுகிறது. கோவையில் சினிமா பேனர் வரைந்த ஓவியர் ஜீவா எழுதிய 'திரைச்சீலை' என்ற நூலுக்கு 2010-ஆம் ஆண்டுக்கான தேசிய திரைப்பட விருதுகளில் சிறப்புக் குறிப்பு கிடைத்தது. அந்தத் தொழிலில் எவ்வளவு படிப்பும் ரசனையும் இருந்தது என்பதற்கு இது ஒரு சாட்சி.

ஊர்களில் இது இன்னும் எளிமையாக நடந்தது. தகரத்தில் எனாமல் பெயின்ட், துணியில் பசை கலந்த வண்ணம், சுவரில் சுண்ணாம்பு அடித்து அதன்மேல் எழுத்து. ஒரு ஆர்ட்டிஸ்ட் கடைப் பலகையும் எழுதுவார், வள்ளத்துக்குப் பெயரும் எழுதுவார். இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். துணி பேனர் இரண்டு மழையில் வெளுத்துவிடும். பிறகு அந்தத் துணி வேறு எதற்காவது பயன்படும், இல்லாவிட்டால் மக்கிப் போகும். பெரிய பேனர் வரைய பல நாள் ஆகும், கூலியும் ஆகும். அதனால் எண்ணிக்கையும் குறைவாகவே இருந்தது.

மை பிளாஸ்டிக்கைக் கடிக்கும் வித்தை

பிளெக்ஸ் என்பது நடுவில் பாலியஸ்டர் நூல் வலை, அதன் இரண்டு பக்கமும் பி.வி.சி. படலம். பி.வி.சி. இயல்பில் விறைப்பான பிளாஸ்டிக். 1926-ல் அமெரிக்காவின் குட்ரிச் நிறுவனத்தில் வால்டோ செமன் என்ற வேதியியலாளர் ரப்பரை உலோகத்தோடு ஒட்டுவதற்கு ஒரு பசை தேடிக்கொண்டிருந்தார். அந்த முயற்சியில் பி.வி.சி.யை கொதிநிலை அதிகமான ஒரு திரவத்தில் சூடாக்கியபோது அது வளையக்கூடிய பொருளாக மாறியது. பசை கிடைக்கவில்லை, மழைக்கோட்டும் பிளெக்ஸும் கிடைத்தன!

இந்த வழுவழுப்பான பரப்பில் நம் வீட்டு பிரிண்டரின் தண்ணீர் மை நிற்காது. கையால் துடைத்தாலே போய்விடும். அதற்குத்தான் சால்வென்ட். சைக்ளோஹெக்ஸனோன், கிளைகால் ஈதர் அசிடேட் போன்ற கரைப்பான்களில் நிறமியையும் பிசினையும் கலந்து மை செய்கிறார்கள். துளி விழுந்ததும் கரைப்பான் பி.வி.சி.யின் மேல்தோலை லேசாகக் கரைத்து உள்ளே நுழைகிறது. பிறகு ஹீட்டர் சூட்டில் அது ஆவியாகப் பறந்துவிட, நிறம் மட்டும் பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக்காக மாட்டிக்கொள்கிறது. மழை பெய்தாலும் போகாது. வெயிலிலும் இரண்டு மூன்று வருடம் தாங்கும். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கதையின் நல்லதும் கெட்டதும் இந்த ஒரு குணத்தில்தான் இருக்கிறது.

அந்தத் துளியை வீசுவது எப்படி? கேனன் போன்ற நிறுவனங்கள் கண்டுபிடித்த ஒரு முறையில் மையைக் கொதிக்கவைத்து, அந்தக் குமிழியின் வேகத்தில் துளியைத் தள்ளுவார்கள். எரியும் கரைப்பானுக்கு அது சரிவராது. இன்னொரு முறை பீசோ. சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் வரும் என்று 1880-ல் க்யூரி சகோதரர்கள் கண்டுபிடித்தார்கள். அதைத் திருப்பிப் போட்டால், மின்சாரம் கொடுக்கும்போது படிகம் அசையும். ஹெட்டின் உள்ளே மயிரிழையைவிட மெல்லிய துளைகளுக்குப் பின்னால் இருக்கும் பீசோ சுவர் வினாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை அசைந்து மையைத் தள்ளுகிறது. 1990-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் தொடங்கிய சார் நிறுவனமும், ஜப்பானின் செய்கோ, கோனிகா நிறுவனங்களும் இந்த ஹெட்டுகளைச் செய்து மற்றவர்களுக்கு விற்றன.

விலை இறங்கியது, தூரிகை இறங்கியது

முதலில் வந்த பெரிய மெஷின்கள் அமெரிக்காவின் வூடெக், இஸ்ரேலின் நூர், சைடெக்ஸ் விஷன் போன்றவை. பெருநகர விளம்பர நிறுவனங்களால் மட்டுமே வாங்க முடிந்த விலை. பிறகு சீனத் தொழிற்சாலைகள் ஜப்பானிய, ஆங்கிலேய ஹெட்டுகளை வாங்கி, தங்கள் இரும்புச் சட்டத்தில் பொருத்தி, 10 அடி அகல மெஷினை மிகக் குறைந்த விலைக்குக் கொடுத்தன. 2000-களில் இவை நம் மாவட்டத் தலைநகரங்களுக்கும், பிறகு சின்ன ஊர்களுக்கும் வந்து சேர்ந்தன.

ஆர்ட்டிஸ்டுக்கு ஒரு வாரம் எடுத்த வேலையை இந்த மெஷின் ஒரு மணி நேரத்துக்குள் முடித்தது. கம்ப்யூட்டரில் போட்டோவை வைத்து, சதுர அடிக்கு இத்தனை ரூபாய் என்று கணக்குப் போட்டால் முடிந்தது. பேனர் ஆர்ட்டிஸ்டுகளில் சிலர் கம்ப்யூட்டர் டிசைன் கற்றுக்கொண்டு இதே தொழிலில் நீடித்தார்கள். பலர் வீட்டுக்கு பெயின்ட் அடிக்கப் போனார்கள். ஒரு தலைமுறையின் கைத்தொழில் பத்து வருடத்துக்குள் ஓய்ந்தது. இன்னொரு பக்கம், முன்பு தலைவர்களுக்கும் நடிகர்களுக்கும் மட்டுமே கிடைத்த பெரிய படம், கடலில் போகும் ஒருவரின் மகள் கல்யாணத்துக்கும் கிடைத்தது. இதையும் சொல்லாமல் விட்டால் வரலாறு முழுமையாகாது.

கடை போட நினைப்பவருக்கு

நம் நண்பர்களில் யாராவது இந்தத் தொழிலில் இறங்க நினைத்தால், மெஷினின் வேகத்தைப் பார்த்து மயங்கவேண்டாம். பார்க்கவேண்டியவை இவைதான்.

1. ஹெட்: மெஷினின் உயிர் இதுதான், விலை அதிகமான பாகமும் இதுதான். கோனிகா 512 வகை ஹெட்டில் 42 பிகோலிட்டர், 14 பிகோலிட்டர் என்று துளி அளவுகள் உண்டு (ஒரு பிகோலிட்டர் என்றால் லிட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு). தூரத்தில் நின்று பார்க்கும் பேனருக்கு பெரிய துளி போதும், வேகமும் கிடைக்கும். கடைக்குள் வைக்கும் ஸ்டிக்கருக்கு சின்ன துளி வேண்டும். உங்கள் வாடிக்கையாளர் என்ன கேட்பார் என்பதை முதலில் தீர்மானித்துவிட்டு ஹெட்டைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்து நகரத்தில் அந்த ஹெட்டை சரிபார்க்க ஆள் இருக்கிறாரா என்றும் கேளுங்கள்.

2. மின்சாரம்: சால்வென்ட் மை சீக்கிரம் காயும். பேனரில் காய்ந்தால் நல்லது, ஹெட்டின் துளையில் காய்ந்தால் நஷ்டம். பாதி வேலையில் கரண்ட் போனால் அந்த பிளெக்ஸும் வீண். 2008 முதல் சில வருடங்கள் தமிழ்நாட்டில் இருந்த மின்வெட்டை நினைத்துப் பாருங்கள். யுபிஎஸ், ஜெனரேட்டர் செலவை மெஷின் விலையோடு சேர்த்தே கணக்கிடவேண்டும்.

3. காற்று: சைக்ளோஹெக்ஸனோன் ஆவி கண்ணையும் மூக்கையும் எரிக்கும், தலைவலி தரும், தீயும் பிடிக்கும். ஏசி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பகல் முழுவதும் மெஷின் பக்கத்தில் நிற்கும் பையனின் நுரையீரலை யாரும் விலைப்பட்டியலில் போடுவதில்லை. ஆவியை வெளியே இழுக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன், ரசாயனக் கையுறை, ஆவியைத் தடுக்கும் மாஸ்க் கண்டிப்பாக வேண்டும். ரோலண்ட், மிமாகி, முட்டோ கம்பெனிகளின் எகோ-சால்வென்ட் மெஷின்களில் வாடை குறைவு. ஆனால் மை விலை கூடுதல், காயவும் நேரமாகும். 'எகோ' என்று பெயர் இருப்பதால் அது தண்ணீர் ஆகிவிடாது.

4. தினசரி பழக்கம்: காலையில் நாசில் டெஸ்ட் எடுக்காமல் வேலை தொடங்கக்கூடாது. படத்தில் வெள்ளைக் கோடு விழுந்தால் பெரும்பாலும் ஏதோ ஒரு துளை அடைத்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு கம்பெனி மையில் இன்னொரு கம்பெனி மையைக் கலந்தால் ஹெட் கட்டிக்கொள்ளலாம். நாலு நாள் லீவு என்றால் ஹெட்டை கழுவி மூடி வைக்கவேண்டும். கடலோர ஊர்களில் உப்புக்காற்று போர்டையும் மோட்டாரையும் அரிக்கும், ஈரம் மை காய்வதைத் தாமதப்படுத்தும்.

வாரத்துக்கு நாலைந்து பேனர்தான் ஆர்டர் வரும் என்றால் மெஷின் வாங்காமல் டிசைன் மட்டும் செய்து, மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ அடித்து வாங்குவதுதான் புத்திசாலித்தனம். சும்மா நிற்கும் சால்வென்ட் மெஷின் ஓடும் மெஷினைவிட சீக்கிரம் கெடும்.

காற்றும் சட்டமும்

ஒரு சின்ன பௌதிகக் கணக்கு. 10 அடிக்கு 20 அடி பேனரின் பரப்பு சுமார் 18.6 சதுர மீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று அடித்தால் அதன் மேல் விழும் அழுத்தம் 300 கிலோ எடை தள்ளுவதற்குச் சமம். அதைத் தாங்கி நிற்பது சாலையோரத்தில் ஒரு அடி ஆழத்தில் நட்ட சவுக்குக் கம்பு. எங்கள் கடற்கரையில் இந்தக் காற்று ஆடி மாதத்தில் அபூர்வம் இல்லை. துணியாக இருந்தால் கிழிந்து காற்றுக்கு வழிவிடும். உள்ளே நூல் வலை இருக்கும் பிளெக்ஸ் அவ்வளவு எளிதில் கிழியாது, கம்போடு சேர்ந்துதான் விழும்.

2011-ல் தமிழக அரசு டிஜிட்டல் பேனர்களுக்கென்றே அனுமதி விதிகள் கொண்டுவந்தது. 2017 அக்டோபரில் உயிருடன் இருப்பவர்களின் படத்தை பேனரில் போடக்கூடாது என்று சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி எஸ்.வைத்தியநாதன் உத்தரவிட்டார். அது பின்னர் மேல் அமர்வில் ரத்தானது. 2019 செப்டம்பர் 12 அன்று சென்னை பள்ளிக்கரணையில், ஒரு கட்சிக்காரர் வீட்டுத் திருமணத்துக்காக சாலை நடுவே வைத்த பேனர், ஸ்கூட்டரில் போன சுபஸ்ரீ என்ற 23 வயது மென்பொருள் பொறியாளர் மேல் விழுந்தது. தடுமாறி விழுந்தவர் மேல் பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. நீதிமன்றம் அரசைக் கடுமையாகக் கண்டித்தது. பேனர் அடித்த அச்சகத்துக்கும் மாநகராட்சி சீல் வைத்தது. வைத்தவர் மட்டுமல்ல, அடித்துக் கொடுத்தவரும் பொறுப்பு என்று இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் அன்று தெரிந்தது. அப்படியும் நின்றதா? 2023 ஜூனில் கோவை கருமத்தம்பட்டி அருகே விளம்பரப் பலகை சாரம் சரிந்து 3 தொழிலாளர்கள் இறந்தார்கள். 2024 மே மாதம் மும்பை காட்கோபரில் புழுதிக்காற்றில் விழுந்த ராட்சத பலகை 17 உயிர்களை எடுத்தது.

விசேஷம் முடிந்த பிறகு

விழாமல் நின்ற பேனர் எங்கே போகிறது? சிலது ஒழுகும் கூரைக்கும், வலையை மூடுவதற்கும் போகிறது. நல்ல விஷயம்தான். மிச்சம் தோட்டிலும் கடலிலும் கிடக்கிறது, இல்லாவிட்டால் குப்பையோடு எரிகிறது. பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடும் டையாக்சினும் வரும். உள்ளே பாலியஸ்டர் வலை இருப்பதால் மறுசுழற்சியும் கஷ்டம். 2022 ஜூலை 1 முதல் மத்திய அரசு 100 மைக்ரானுக்குக் குறைந்த பி.வி.சி. பேனர்களைத் தடை செய்தது. ஆனால் சாதாரண பிளெக்ஸ் அதைவிட கனமானது என்பதால் தப்பித்துவிட்டது. நமக்குப் பக்கத்தில் இருக்கும் கேரளாவோ 2019 ஆகஸ்டிலேயே பி.வி.சி. பிளெக்ஸுக்குத் தடை உத்தரவு போட்டது. களியக்காவிளையைத் தாண்டினால் அடிக்கிறவர்கள் துணிக்கும் பாலிஎத்திலீனுக்கும் மாறவேண்டியிருந்தது. 2008-ல் எச்.பி. அறிமுகப்படுத்திய தண்ணீர் அடிப்படையிலான லேட்டக்ஸ் மை துணி வகைகளிலும் அடிக்கும். முதலீடு கூடுதல், ஆனால் நாளை சட்டம் மாறினால் கடையை மூடவேண்டியதில்லை.

என் கருத்து இதுதான். கடைப் பெயர்ப் பலகை, பள்ளிக்கூடப் பலகை போல வருடக்கணக்கில் நிற்கவேண்டியவற்றுக்கு சால்வென்ட் மை பொருத்தமானது, அதன் உறுதி அங்கே உபயோகப்படும். இரண்டு நாள் விசேஷத்துக்கு அதே பிளெக்ஸ் தேவையே இல்லை, துணி போதும். மெஷின் வாங்குகிறவர் "எவ்வளவு வேகம்?" என்று கேட்பதற்கு முன்னால், "நான் அடிப்பது எத்தனை நாள் நிற்கவேண்டும்?" என்று கேட்டுக்கொள்ளட்டும். ஆர்டர் கொடுக்கும் நாமும் அதையே கேட்போம்.