யேல் என்ற பெயரும் ஒன்பது பொதித் துணியும்

இரவுப் பணி முடிந்து வந்து பேசுகிறேன். குரல் கொஞ்சம் கட்டியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருப்பது கனெக்டிகட்டில், நியூ ஹேவனுக்குப் பக்கத்தில். சில வாரங்களுக்கு முன் எங்கள் தமிழ்ச் சபையில் ஒரு குடும்பம் ஸ்தோத்திரக் காணிக்கை படைத்தது. மகளுக்கு யேல் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. ஆராதனை முடிந்து கேக் வெட்டினோம். அந்தப் பெண் என்னிடம் வந்து, “ஆன்ட்டி, எலிஹு யேல் மெட்ராஸில் இருந்தாராமே?” என்று கேட்டாள். முகத்தில் அவ்வளவு பெருமை. “இருந்தார்மா” என்றேன். அன்று அதோடு நிறுத்திக்கொண்டேன். மீதியைத்தான் இன்று பேசப்போகிறேன்.

1649-இல் பாஸ்டனில் பிறந்தவர் எலிஹு யேல். கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியராக மெட்ராஸுக்கு வந்தார். 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநர். கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி ஆலயம் 1680 அக்டோபர் 28 அன்று பிரதிஷ்டை செய்யப்பட்டது. ஒரு வாரம் கழித்து அங்கே நடந்த முதல் கல்யாணம் யேலுடையது. மணப்பெண் கேத்தரின் ஹின்மர்ஸ், கணவரை இழந்தவர். சென்னையில் டிப்ளமோ படித்த நாட்களில் அந்த ஆலயத்துக்குப் போயிருக்கிறேன். சூயஸுக்குக் கிழக்கே மிகப் பழைய ஆங்கிலிக்கன் ஆலயம் என்று தோழிகளிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன்.

அதே கோட்டையிலிருந்துதான் மனிதர்களும் கப்பல் ஏறினார்கள். 1680-களில் சோழமண்டலக் கரையில் கடும் பஞ்சம். பசிக்குப் பிள்ளைகளை விற்றார்கள், தங்களையே விற்றுக்கொண்டார்கள். ஐரோப்பாவுக்குப் போகும் ஒவ்வொரு கப்பலிலும் குறைந்தது பத்து அடிமைகளையாவது ஏற்ற வேண்டும் என்று கோட்டை ஆலோசனைச் சபை உத்தரவிட்டது. அந்தச் சபையில் யேல் இருந்தார். 1687-இல் ஒரே மாதத்தில் குறைந்தது 665 பேர் அனுப்பப்பட்டிருக்கிறார்கள். யேலின் கல்யாணம் தேதியோடு இன்றும் தெரிகிறது. இவர்களில் நமக்கு வந்து சேர்ந்திருப்பது எண்ணிக்கை மட்டும்.

1688-இல் அடிமை ஏற்றுமதிக்குத் தடை வந்ததே, அதுவும் யேலின் காலம்தானே என்று அவருக்காகப் பேசுகிறவர்கள் உண்டு. உண்மைதான். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு கோல்கொண்டா விழுந்து, மெட்ராஸைச் சுற்றிலும் முகலாயர் அதிகாரம் வந்திருந்தது. ஏற்றுமதி அவர்களுக்குப் பிடிக்கவில்லை. தடையை யேலின் இரக்கக் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

பதவியைப் பயன்படுத்திச் சொந்த வியாபாரம் செய்து பணம் சேர்த்தார் என்ற குற்றச்சாட்டில் 1692-இல் கம்பெனி அவரை நீக்கியது. பெரும் பணக்காரராக லண்டன் போனார். 1718-இல் நியூ ஹேவனில் ஒரு சிறிய கல்லூரி பணமில்லாமல் தவித்தது. பாஸ்டன் போதகர் காட்டன் மேதர் யேலுக்குக் கடிதம் எழுதினார். கல்லூரிக்கு உம்முடைய பெயரை வைத்தால் அது குமாரர் குமாரத்திகளைவிட மேலான பெயராக இருக்கும் என்று ஆசை காட்டினார். ஏசாயா 56 படித்தவர்களுக்கு இது எங்கிருந்து வந்தது என்று தெரியும். யேலின் மகன் டேவிட் சின்ன வயதிலேயே மெட்ராஸில் இறந்துபோனான். மேதர் இதை அறிந்துதான் அந்த வசனத்தைத் தொட்டாரோ என்னவோ, படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. டேவிட்டின் கல்லறை சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. வாகன நிறுத்தம் கட்ட இடைஞ்சலாக இருக்கிறது, அகற்றுங்கள் என்று வழக்கே நடந்தது.

யேல் அனுப்பியது ஒன்பது பொதிச் சரக்கு, 417 புத்தகம், முதலாம் ஜார்ஜ் மன்னரின் படம். பொதிகளில் மஸ்லின், காலிகோ முதலான துணிகள் இருந்தன. விற்றதில் சுமார் 560 பவுண்டு வந்தது. பெயர் நிலைத்துவிட்டது.

பெயர் மாற்றுவது அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் புதிதல்ல. அங்கே ஒரு விடுதிக் கல்லூரிக்கு ஜான் கால்ஹூன் பெயர் இருந்தது. அமெரிக்கத் துணை ஜனாதிபதியாக இருந்தவர். அடிமைமுறை நல்லது என்றே வாதிட்டவர். 2016 ஏப்ரலில் பெயர் அப்படியே இருக்கும் என்றார்கள். அந்த ஆண்டு அங்கே உணவுக்கூடத்தில் வேலை செய்த கறுப்பினத்தவர் ஒருவர், அடிமைகள் பருத்தி சுமப்பதுபோல் வரைந்த கண்ணாடியைத் துடைப்பக் கம்பால் உடைத்தார். பிறகு ஒரு குழு அமைத்து விதிகள் வகுத்தார்கள். 2017 பிப்ரவரியில் அது கணினி அறிஞர் கிரேஸ் ஹாப்பர் பெயருக்கு மாறியது. சரியான முடிவு என்றுதான் நினைக்கிறேன்.

குழு வகுத்த விதிகளில் முதல் கேள்வி, அந்த மனிதர் விட்டுச்சென்றதில் முதன்மையானது எது என்பது. கால்ஹூனுக்குப் பதில் சுலபம். யேலுக்கு? நியூ ஹேவனில் நின்று கேட்டால், நன்கொடை. மெட்ராஸ் கடற்கரையில் நின்று கேட்டால், கப்பல். கேள்வி ஒன்றே, ஆனால் கேட்கும் இடம் எப்போதும் நியூ ஹேவன்தான். 2024-இல் பல்கலைக்கழகம் தன் அடிமைமுறைத் தொடர்புகளுக்காக மன்னிப்புக் கேட்டது. பெயர் மாறவில்லை.

மாறவேண்டுமா? சில வருடம் முன் கேட்டிருந்தால் “ஆமாம்” என்று பட்டென்று சொல்லியிருப்பேன். இப்போது தயங்குகிறேன். அந்தப் பெயர் போய்விட்டால், மெட்ராஸ் பதிவேடுகளைப் புரட்ட நியூ ஹேவனில் யாருக்கு அவசியம்? அந்தப் பெயர் வாசலில் இருப்பதால்தான் 665 என்ற எண் வெளியே வந்தது. ஆனால் இது சௌகரியமான வாதம் என்பதும் எனக்குத் தெரியும். அந்தச் சான்றிதழால் பிழைக்கப்போகிறவர்கள் எங்கள் பிள்ளைகள். கேக் சாப்பிட்டவள் நான்.

அந்த ஊர் அருங்காட்சியகத்தில் யேலின் ஓவியம் ஒன்று உண்டு. கனவான்கள் மது அருந்துகிறார்கள். ஓரத்தில் ஒரு கறுப்பினச் சிறுவன், கழுத்தில் பூட்டுப் போட்ட உலோக வளையம். 2020-இல் அதை இறக்கினார்கள். சிறுவனைப் பற்றி ஆராய்ந்து, விளக்கக் குறிப்போடு மறுபடி மாட்டினார்கள். பத்து வயது இருக்கலாம். குழந்தைகள் வார்டில் வேலை பார்த்தவள் நான். பார்வை நேராகக் கழுத்துக்குத்தான் போனது. வளையம் உரசும் இடத்தில் தோல் எப்படிப் புண்ணாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே நின்றேன். யேலின் முகம் இப்போது நினைவில் இல்லை.

அந்தப் பெண் ஆகஸ்டில் விடுதிக்குப் போகிறாள். அதற்கு முன் ஒரு சனிக்கிழமை அவளையும் அவள் அம்மாவையும் அந்த அருங்காட்சியகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறேன். அனுமதி இலவசம். மதியச் சாப்பாடு என் வீட்டில்.