மாதோட்டத்துத் தாமரை

மன்னார் என்றதும் முத்தும் உப்பும் பனையும் பெருக்கமரமும் நம் நினைவுக்கு வரும். தாமரை வராது. மணலும் உவரும் மிகுந்த நிலத்தில், ஐப்பசி தொடங்கிப் பெய்யும் மழையை நம்பியிருக்கும் நாட்டில், நீர்ப்பூவுக்கு ஏது இடம் என்று கேட்கத் தோன்றும். இங்கே குளம் இருந்தால்தான் பூ உண்டு. மனிதர் உழைத்தால்தான் குளம் உண்டு. ஆகவே, மன்னார்த் தாமரையின் கதை நீரைக் காத்தவர்களின் கதையே ஆகும்.

திருக்கேதீச்சரத்தைப் பாடிய சுந்தரர், இறைவனைப் பாலாவியின் கரையிலே கண்டார். கோயிலின் பக்கத்திலே மாந்தைத் துறைமுகம். 1980 முதல் 1984 வரை ஜோன் காஸ்வெல் தலைமையில் அங்கு நடந்த அகழ்வில் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன. கப்பலில் வந்தவர்க்கும் சோறும் தண்ணீரும் வேண்டுமல்லவா? அருவியாற்று நீரைத் தேக்கிய கட்டுக்கரைக்குளமும் அதனைச் சூழ்ந்த வயல்களும் மாதோட்டத்தின் உயிர்நிலை. ஐந்தாம் நூற்றாண்டுத் தாதுசேனனின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் அக்குளம் பின்னர் பாழடைந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மீண்டும் திருத்தப்பட்டது.

குளம் வற்றினால் தாமரை அழிந்துவிடுமா? கிழங்கு சேற்றின் ஈரத்தில் சில காலம் உயிர் தாங்கும். வித்தோ அதனினும் வலியது. அதன் கடிய ஓடு நீரையும் காற்றையும் உள்ளே விடாது. மாந்தைக்குப் பீங்கான் அனுப்பிய அதே சீனத்தில், வற்றிய ஏரிப் படுகையொன்றிலிருந்து எடுத்த தாமரை வித்து ஒன்று, ஏறத்தாழ 1300 ஆண்டுகளுக்குப் பின்னரும் முளைத்தது. ஜேன் ஷென்-மில்லர் குழுவினரின் அந்த ஆய்வு 1995இல் வெளியாயிற்று. தேவாரம் பிறந்த காலத்தை ஒட்டி உதிர்ந்த வித்து, நம் காலத்திலே இலை விட்டது!

போர்த்துக்கேயர் காலத்துக்குப் பின் திருக்கேதீச்சரம் காடாய்க் கிடந்தது. 1872இல் ஆறுமுக நாவலர் அதை மீட்கக் குரல் கொடுத்தார். 1976இல் பெருங்குடமுழுக்கு நடந்தது. 1990இன் பின்னர் போரினால் பல்லாண்டு மக்கள் அங்கு சென்று வழிபட இயலவில்லை. அதே ஆண்டு ஒக்டோபரில் மன்னார் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். 2007, 2008ஆம் ஆண்டுகளில் மாந்தைப் பகுதித் தமிழரும் ஊர் விட்டு ஓடினர். வயல் தரிசாயிற்று, வாய்க்கால் தூர்ந்தது. போர் ஓய்ந்தபின் மக்கள் சிறுகச் சிறுகத் திரும்பினர். 2022இல் கோயிலில் மீண்டும் குடமுழுக்கு நடந்தது.

வீட்டு முற்றத்தில் தாமரை வளர்க்க விரும்புவோர் வித்தின் ஓட்டைக் கல்லில் உரைத்துத் தண்ணீரில் இடுவர். சில நாளில் முளை காணும். உரைக்காத வித்து நீருக்குள்ளும் உறங்கியே கிடக்கும். ஊரும் அப்படித்தான். காலம் அதனைக் காத்து வைக்கும். முளைக்க வைப்பது மனிதக் கை. தூர்ந்த வாய்க்காலைத் திருத்துபவர், தமிழராயினும் முஸ்லிம்களாயினும், தாதுசேனன் செய்த வேலையையே தொடர்கின்றனர். நீர் வரட்டும், பூ தானே வரும்.