படைவீட்டுச் சம்புவராயர்கள்: ஜவ்வாது மலையடியில் ஒரு குடும்பம் அரசான கதை

ஜவ்வாது மலைன்னா நமக்குத் தேன், சாமை, பீமன் அருவி, காவலூர் வானாய்வகம். அதோட கிழக்கு அடிவாரத்துல படவேடு இருக்கு. ஆடி மாசம் ரேணுகாம்பாள் கோயிலுக்குக் கூட்டம் கூட்டமா போறோம். ஆனா அந்த ஊரோட பழைய பெயர் படைவீடு, அதாவது படை தங்குற இடம். 14ஆம் நூற்றாண்டுல அது ஒரு ராஜ்ஜியத்தோட தலைநகரம். ஆண்டவங்க சம்புவராயர்கள்.

இழை கொஞ்சம் நீளம். டீ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

பேஷண்ட் வந்ததும் நாங்க முதல்ல ஹிஸ்டரி கேப்போம். இந்தக் குடும்பத்தோட ஹிஸ்டரி அவங்க வச்சுக்கிட்ட பெயர்லயே இருக்கு. 12ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள்ல "செங்கேணி அம்மையப்பன்" மாதிரியான பெயர்கள் வருது. செங்கேணி குடிப்பெயர். அப்ப இவங்க சோழருக்குக் கட்டுப்பட்ட சிற்றரசர்கள். அதனால எதிரிலி சோழ சம்புவராயன், விக்கிரம சோழ சம்புவராயன், குலோத்துங்க சோழ சம்புவராயன்னு பெயர் வரிசையா வருது. முன்னாடி எஜமானோட பட்டம், பின்னாடி நம்ம பெயர். விசுவாசத்தை நெத்தியில ஒட்டிக்கிட்டுத் திரிஞ்ச காலம்.

இதுல எதிரிலி சோழ சம்புவராயரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். காரணம், காஞ்சிபுரம் பக்கத்துல இருக்குற ஆர்ப்பாக்கம் கல்வெட்டு. இரண்டாம் ராஜாதிராஜன் காலம். பாண்டிய நாட்டு வாரிசுச் சண்டையில ஒரு தரப்புக்கு உதவ இலங்கையில இருந்து பராக்கிரமபாகு படை அனுப்புறார். எதிர்த்து நிக்குற சோழப் படைக்குத் தளபதி பல்லவராயர், நம்ம சம்புவராயரோட மகன். அப்பாவுக்குப் பயம். படை இங்க வந்துட்டா கோயிலும் நாடும் என்ன ஆகும்னு உமாபதிதேவர்ங்கிற ஞானசிவதேவர்கிட்ட ஓடுறார். அவர் 28 நாள் பூஜை பண்றார். இலங்கைத் தளபதிகள் தோத்து ஓடிட்டாங்கன்னு மகன்கிட்ட இருந்து சேதி வருது. சந்தோஷத்துல ஆர்ப்பாக்கம் ஊரையே சாமியாருக்குக் கொடுத்துடுறார்.

பூஜை ஜெயிச்சதா படை ஜெயிச்சதாங்கிற விவாதத்துக்கு நான் வரல. ஐசியூ வாசல்ல உக்காந்திருக்குற அப்பாக்களைத் தினமும் பாக்குறவனுக்கு அந்த 28 நாள் புரியும். இன்னொரு விஷயத்தையும் கவனிங்க. மகன் சோழத் தளபதி, ஒரு முழு ஊரைத் தூக்கிக் கொடுக்குற அதிகாரம் அப்பாவுக்கு. குடும்பம் அப்பவே எவ்வளவு வளந்துடுச்சு!

அடுத்து சோழர் தளர்றாங்க. மூன்றாம் குலோத்துங்கன் காலத்துலயே செங்கம் பக்கக் கல்வெட்டுகள்ல சிற்றரசர்கள் தங்களுக்குள்ள ஒப்பந்தம் போடுறாங்க. உனக்கு நண்பன் எனக்கும் நண்பன், உனக்குப் பகை எனக்கும் பகை, இந்த ரீதியில. மேல இருக்குற ராஜா காப்பாத்துவார்ங்கிற நம்பிக்கை இருந்தா எவன் இப்படிக் கல்லுல எழுதி வைப்பான்? 1231ல வந்தவாசி பக்கத்துத் தெள்ளாறுல கோப்பெருஞ்சிங்கன் சோழச் சக்கரவர்த்தி மூன்றாம் ராஜராஜனையே பிடிச்சுச் சிறை வச்சான். சம்புவராயர்கள் அந்த மாதிரி அதிரடி எதுவும் பண்ணல. இருந்த இடத்துல வேர் விட்டாங்க.

அந்த இடம்தான் விஷயம். மேற்கே ஜவ்வாது மலை, இயற்கையே கட்டின மதில். கிழக்கே மலைத்தண்ணியைக் கொண்டுபோற செய்யாறும் கமண்டல நதியும், அதை நம்பி நெல் வயல். சண்டை வந்தா மலைக்கு ஏறலாம், ஓஞ்சா இறங்கி வரி வசூலிக்கலாம். படவேட்டு அம்மையப்பேஸ்வரர் கோயில்ல 1258ஆம் வருஷக் கல்வெட்டு ஒண்ணு இருக்கு. அதுல அத்திமல்லன் சம்புகுலப் பெருமாள் என்ற ராஜகம்பீர சம்புவராயன் வர்றார். மலைக்கோட்டைக்கு ராஜகம்பீரன் மலைன்னும், நாட்டுக்கு ராஜகம்பீர ராஜ்ஜியம்னும் பெயர் நிலைச்சது.

1279ல சோழர் கதை முடிஞ்சது. பாண்டியர் கையில கொஞ்ச காலம். 1311ல மாலிக் கபூர் படையெடுப்பு, பாண்டியர் வீட்டுக்குள்ள அண்ணன் தம்பி சண்டை. இப்பத்தான் நம்ம ஆட்கள் வெளிய வர்றாங்க. 1322 வாக்குல ஒருத்தர், பெயர் வென்று மண்கொண்டான். பாருங்க, இதுல சோழனும் இல்ல, பாண்டியனும் இல்ல! கல்வெட்டுல தன்னோட ஆட்சியாண்டையே போடுறார். கூடவே "சகலலோகச் சக்கரவர்த்தி"ன்னு பட்டம். ஆண்டது தொண்டை மண்டலம், பட்டம் மட்டும் சகல லோகத்துக்கும். (கிளினிக் போர்டுல டிகிரியை நீட்டுறவங்களை நானும் பாத்திருக்கேன்.)

இதே காலத்துல இத்தாலியில மிலான் நகரத்து விஸ்கோன்டி குடும்பமும் இப்படித்தான் ஏறிச்சு. 1277ல ஓட்டோனே விஸ்கோன்டி போட்டிக் குடும்பத்தைத் தோற்கடிச்சு ஊரைப் பிடிச்சார். 1395ல அதே குடும்பத்து ஜான் கலியாட்சோ ஒரு லட்சம் பொற்காசு கொடுத்து ஜெர்மன் ராஜாகிட்ட டியூக் பட்டம் வாங்கினார். நம்ம ஆளுக்குப் பட்டம் விக்க மேல யாருமே இல்ல. ஒரு கல்தச்சன் போதுமா இருந்தது.

மகன் ராஜநாராயணர் 1337ல இருந்து. சுத்தி நடந்ததைப் பாத்தா இவர் தாக்குப்பிடிச்சதே பெரிசு. தெற்கே மதுரை சுல்தான்கள். பக்கத்துத் திருவண்ணாமலையில தங்கி அவங்களோட மோதின ஹொய்சள ராஜா மூன்றாம் வல்லாளனைப் பிடிச்சுக் கொன்னுட்டாங்க. அவர் தோல்ல வைக்கோல் அடைச்சு மதுரை மதில்ல தொங்கவிட்டிருந்ததைப் பாத்ததா இபன் பதூதா எழுதியிருக்கார். அதே 1342 வாக்குல சம்புவராயர் ஆட்சியில திருவொற்றியூர் கோயில்ல என்ன பிரச்சனை தெரியுமா? கோயில் பணிப்பெண்கள்ல யார் எந்த வேலையைச் செய்யணும்னு தகராறு, அதுக்குப் பஞ்சாயத்து, தீர்ப்பைக் கல்லுல வெட்டுறாங்க. ஊர் எரியுற காலத்துல இந்த மாதிரி வழக்கு நடக்குதுன்னா அங்க நிர்வாகம் உயிரோட இருக்குன்னு அர்த்தம். சம்புவராயர்கள் சாதிச்சதுன்னு நான் நினைக்கிறது இதைத்தான், அந்தச் சக்கரவர்த்திப் பட்டத்தை இல்ல.

முடிச்சு வச்சது விஜயநகரம். முல்பாகல்ல இருந்து இறங்கி வந்த குமார கம்பணர் பாலாற்றுக்கரை விரிஞ்சிபுரத்துல பாசறை போட்டார். சம்புவராயர் ராஜகம்பீர மலைக்கோட்டைக்கு ஏறினார். முற்றுகை, கடைசியில நேருக்கு நேர் வாள்சண்டை, சம்புவராயர் சாவு. இதைப் பாடினது கம்பணரோட மனைவி கங்காதேவி, சமஸ்கிருதத்துல, மதுரா விஜயம் காவியத்துல. ஜெயிச்சவர் வீட்டம்மா எழுதினது, அதனால வாள்வீச்சு வர்ணனையைக் கொஞ்சம் தள்ளுபடி பண்ணியே படிங்க.

குடும்பம் போச்சு, ஊர் பெயர் போகல. விஜயநகரம் இந்தப் பகுதியைப் "படைவீட்டு ராஜ்ஜியம்"னே வச்சு நிர்வாகம் பண்ணிச்சு. 1425ல அந்த ராஜ்ஜியத்துப் பிராமணர்கள், கன்னடம், தமிழ், தெலுங்குன்னு எல்லாரும் கூடி, இனி பொன் வாங்கிப் பெண் கொடுக்கக் கூடாது, பொன் கொடுத்துக் கட்டவும் கூடாது, மீறினா சாதிக்கு வெளியன்னு எழுதி வச்சாங்க. விரிஞ்சிபுரம் கோயில்ல அந்தக் கல்வெட்டு இருக்கு. (கவனிங்க, இது பெண் வீட்டுக்குப் பணம் போற பழக்கம். திசை மாறினது அப்புறம்.)

அடுத்த தடவை ரேணுகாம்பாளைக் கும்பிடப் போனா, அம்மையப்பேஸ்வரர் கோயிலுக்கும் ஒரு எட்டு போயிட்டு வாங்க. போளூர் ரோட்டுல சந்தவாசல்ல மேற்கே திரும்பணும். வெயிலுக்கு முன்னாடி போயிடுங்க, தண்ணி பாட்டில் மறக்காதீங்க.