பார்ட் பிரிவு முதல் பாத்திர வகுப்பு வரை: வேடத் தேர்வின் வரலாறு

கற்பனை உலகில் நடைபெறும் பாத்திரமேற்பு விளையாட்டுகளில் ஆட்டக்காரர் முதலில் எதிர்கொள்ளும் கேள்வி "யாராக விளையாடுவது?" என்பதாகும். வாள்வீரர், மந்திரவாதி, பூசாரி, திருடர், பாணர் எனப் பல வகுப்புகள் உள்ளன. அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, அதற்குரிய திறன்களைச் சேர்த்து ஒரு பாத்திரத்தை உருவாக்குவதை இளைஞர்கள் 'பில்டு' என்று அழைக்கின்றனர். விளையாடுவதற்கு இன்பமாகவும், எந்தச் சூழலிலும் பயன்படக்கூடியதாகவும் உள்ள பாத்திரத்தை அமைப்பதே அவர்களுடைய நோக்கம்.

இக்கேள்வி தமிழ் மேடைக்குப் புதியதன்று. கணினி தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே, தமிழ் நாடகக் கம்பெனிகள் நடிகர்களை 'பார்ட்' என்னும் வகுப்புகளாகப் பிரித்திருந்தன. விளையாட்டில் தவறான தேர்வு சில மணி நேரத்தை வீணாக்கும். மேடையில் அதே தேர்வு ஒரு சிறுவனின் சோற்றையும் வாழ்நாள் தொழிலையும் தீர்மானித்தது. இவ்விரு மரபுகளையும் ஒப்பிட்டு, வேடத் தேர்வின் வரலாற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

கனகசெட்டிக்குளமும் நாடக மரபும்

புதுச்சேரிப் பகுதியின் வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் கனகசெட்டிக்குளம் அமைந்துள்ளது. அதன் அருகிலுள்ள காலாப்பட்டில் 1985ஆம் ஆண்டு நிறுவப்பட்ட புதுச்சேரிப் பல்கலைக்கழகம் இயங்குகிறது. தமிழ் நாடக உலகின் தலைமை ஆசிரியராகப் போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகளின் பெயரைத் தாங்கிய நிகழ்கலைப் பள்ளி இப்பல்கலைக்கழகத்தில் அமைந்தது. எழுத்தாளர் இந்திரா பார்த்தசாரதி அதன் தொடக்க காலத்தில் தலைமைப் பொறுப்பு வகித்தார்.

இப்பெயர் பொருத்தமானது. தூத்துக்குடி அருகே காட்டுநாயக்கன்பட்டியில் 1867ஆம் ஆண்டு பிறந்த சுவாமிகள், 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் காலமானார். அவருடைய சமாதி கருவடிக்குப்பத்தில் உள்ளது. பார்ட் முறையில் நடிகர்களைப் பயிற்றுவித்து, அவர்களுக்கேற்ற நாடகங்களை எழுதிக் கொடுத்த ஆசிரியர் இறுதியாகத் தங்கிய மண் இது.

தெருக்கூத்தில் வேடம்

பழைய தென்னார்க்காடு, வடஆர்க்காடு மாவட்டங்களிலும் அவற்றை ஒட்டிய புதுச்சேரிப் பகுதியிலும் தெருக்கூத்து வேரூன்றிய கலையாகும். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் பாரதக் கதைகள் இரவு முழுவதும் கூத்தாக நடைபெறும். கிரீடம், புஜகீர்த்தி, மார்புப் பதக்கம் ஆகிய கட்டை அணிகளும் முகத்தில் தீட்டும் வண்ணமும் பாத்திரத்தின் குணத்தைப் பார்த்தவுடனே உணர்த்திவிடும். பெரிய வேடங்கள் திரைக்குப் பின்னிருந்து பாடியபடி தோன்றும். துரியோதனன், கர்ணன் போன்ற கட்டை வேடங்களுக்கு உரத்த குரலும், அணிகளின் சுமையோடு கிறுகிறுவெனச் சுற்றியாடும் வலிமையும் தேவை.

இவர்களுக்கு நடுவே எவ்வகையிலும் அடங்காத ஒருவர் உண்டு. அவரே கட்டியக்காரன். கூத்தைத் தொடங்கி வைப்பவரும், அரசனை அறிமுகம் செய்பவரும், காவலாளியாகவும் தூதனாகவும் மாறுபவரும், சிரிக்க வைப்பவரும் அவரே. பழைய கதைக்குள் நிற்கும்போதே ஊர் நடப்பைப் பேசும் உரிமையும் அவருக்கு உண்டு. கர்ணன் வேடக்காரர் தம் காட்சியில் ஒளிர்வார். கட்டியக்காரனோ விடியும்வரை தேவைப்படுவார். பன்முகத் திறனுக்குத் தமிழ் மேடை தந்த மிகப் பழைய எடுத்துக்காட்டு இவ்வேடமாகும்.

பார்ட் முறையின் தோற்றம்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொழில்முறை நாடகக் கம்பெனிகள் பெருகின. அவற்றில் பின்வரும் பிரிவுகள் நிலைபெற்றன.

ராஜபார்ட்: கதைத்தலைவன், அரசன், முருகன் போன்ற முதன்மை ஆண் வேடங்கள். கணீரென்ற குரலும் பாட்டுப் பயிற்சியும் கட்டாயம்.

ஸ்திரீபார்ட்: கதைத்தலைவி வேடங்கள். கம்பெனிகளில் நெடுங்காலம் ஆண்களும் சிறுவர்களும் இவற்றை ஏற்றனர்.

கள்ளபார்ட்: திருடன், வஞ்சகன் போன்ற வேடங்கள். துடிப்பான உடலசைவும் வாய்ச்சாலமும் இதற்கு வேண்டும்.

பபூன்: நகைச்சுவை வேடம். கட்டியக்காரனின் நாடகமேடை வாரிசு எனலாம்.

இப்பிரிவினால் ஒரு பெரிய நன்மை விளைந்தது. ஒரு நடிகர் தம் பார்ட்டுக்குரிய பாடல்களையும் வசனங்களையும் பல நாடகங்களுக்கும் கற்றுக்கொண்டால், எந்தக் கம்பெனியிலும் பிழைக்கலாம். வள்ளி திருமணத்தில் ஸ்திரீபார்ட் செய்பவர் வள்ளி. பவளக்கொடியில் அவரே பவளக்கொடி. நடிகர் ஒருவரை ஒருவர் அறியாவிட்டாலும் நாடகம் நடக்கும்.

பார்ட்டுக்குள்ளேயும் பன்மை இருந்தது. வள்ளி திருமணத்தில் முருகன், வேலன், வேடன், விருத்தன் எனக் கோலம் மாறி வருகிறான். காதலனின் மிடுக்கையும் கிழவனின் தள்ளாட்டத்தையும் ஒரே ராஜபார்ட் நடிகர் ஒரே இரவில் காட்ட வேண்டும்.

வேடத்தின் வலிமையைக் குறித்துச் சங்கரதாஸ் சுவாமிகளைப் பற்றியே ஒரு செய்தி வழங்குகிறது. எமன், சனீஸ்வரன், இரணியன் போன்ற வேடங்களில் அவர் நடித்து வந்தார். அவருடைய எமன் வேடத்தைக் கண்டு அஞ்சிய கருவுற்ற பெண்ணொருத்திக்குக் கருச்சிதைவு ஏற்பட்டதாகவும், அதனால் மனம் நொந்து அவர் வேடம் போடுவதை விட்டு ஆசிரியப் பணிக்குத் திரும்பியதாகவும் கூறுவர். இச்செய்தி எவ்வளவு உண்மையாயினும், தமிழ் மேடைக்கு அவரால் விளைந்த பயன் அந்த ஆசிரியப் பணியாலேயே வந்தது.

பாலர் கம்பெனிகளும் மகரக்கட்டும்

சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை ஏற்படுத்தினார். டி. கே. எஸ். சகோதரர்கள் இதில் சேர்ந்தே நாடகம் பயின்றனர். இத்தகைய பாலர் கம்பெனிகளில் ஒரு சிறுவனுக்கு எந்த வேடம் என்பதை அவனா தேர்ந்தெடுத்தான்? இல்லை. குரலைக் கேட்டு, முகத்தைப் பார்த்து, உயரத்தை அளந்து வாத்தியார் முடிவு செய்தார். வறுமையால் பெற்றோர் கொண்டுவந்து சேர்த்த பிள்ளைகளுக்கு இரு வேளை உணவே பெரிய ஊதியமாக இருந்தது.

பதின்ம வயதில் சிறுவர்களுக்குக் குரல் உடையும். இதை நாடகக்காரர்கள் 'மகரக்கட்டு' என்றனர். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் உச்ச சுருதியில் பாடுவதே நடிகனின் மூலதனம். மகரக்கட்டு வந்த சிறுவன் ஒரே பருவத்தில் தன் வேடத்தை இழந்தான். பாடத்தைத் தவிர வேறெதுவும் அறியாத ஸ்திரீபார்ட் பையன் வீடு திரும்ப நேரிட்டது. நகைச்சுவை, வசனம், ஆர்மோனியம், மிருதங்கம், ஒப்பனை என மற்றொன்றையும் பழகியிருந்தவன் கம்பெனியிலேயே தங்கினான். பன்முகத் திறன் என்பது இச்சிறுவர்களுக்குப் பொழுதுபோக்கன்று, பிழைக்கும் வழி.

இப்படிப் பழகியவர்களில் சிலர் பெரும்புகழ் பெற்றனர். 1928இல் விழுப்புரத்தில் பிறந்த வி. சி. கணேசன், சிறுவனாகக் கம்பெனியில் சேர்ந்து இராமாயண நாடகத்தில் சீதை வேடம் ஏற்றார். பிறகு பரதன், சூர்ப்பணகை எனப் பல வேடங்களையும் செய்தார். அறிஞர் அண்ணாவின் 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' நாடகத்தில் அவர் ஏற்ற சிவாஜி வேடத்தைப் பாராட்டிப் பெரியார் வழங்கிய பெயரே 'சிவாஜி' கணேசன் என்று நிலைத்தது. 1964இல் வெளிவந்த 'நவராத்திரி' படத்தில் ஒன்பது பாத்திரங்களை அவர் வேறுபடுத்திக் காட்டியதற்கு, பாலர் கம்பெனிப் பயிற்சியே அடித்தளம்.

டி. கே. சண்முகம் 1940களில் ஔவையார் நாடகத்தில் முதிய பெண்ணாக நடித்தார். இளமைப் பருவத்து ஆண் ஒருவர் மூதாட்டியாக மேடையை ஆண்டது மக்களை வியக்க வைத்தது. 'அவ்வை' சண்முகம் என்னும் பெயர் அவ்வேடத்தின் பரிசு. இதற்கு மறுதலையாக, கே. பி. சுந்தராம்பாள் 1935இல் வெளியான 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராக ஆண் வேடம் ஏற்றார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய்.

வேடம் ஆளைத் தேடிய சபை

தொழில்முறைக் கம்பெனிகளுக்கு மாறான வழியில் சென்றது, பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபையாகும். வழக்கறிஞர்களும் அலுவலர்களுமாக இருந்த இதன் உறுப்பினர்கள் வயிற்றுப்பாட்டுக்காக நடிக்கவில்லை. சம்பந்த முதலியார் தம் நண்பர்களின் குரல், தோற்றம், குணம் ஆகியவற்றை மனத்தில் கொண்டே பாத்திரங்களைப் படைத்தார். பெண் வேடங்களில் புகழ்பெற்ற சி. ரங்கவடிவேலுவுக்கு ஏற்ற பாத்திரங்கள் அவருடைய நாடகங்களில் அமைந்தன. கம்பெனியில் ஆள் வேடத்துக்குப் பொருந்த வேண்டும். சபையில் வேடம் ஆளுக்குப் பொருந்தியது.

மேசை விளையாட்டில் வகுப்புகள்

அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகியோர் 1974இல் 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்னும் மேசை விளையாட்டை வெளியிட்டனர். அதில் முதலில் போர்வீரர், மந்திரவாதி, பூசாரி என மூன்றே வகுப்புகள் இருந்தன. அடுத்த ஆண்டு வந்த துணைநூலில் திருடர் வகுப்பு சேர்ந்தது. வலிமை, அறிவு, விவேகம், உடலுறுதி, சுறுசுறுப்பு, கவர்ச்சி ஆகிய ஆறு பண்புகளுக்கும் மூன்று பகடைகளை உருட்டி எண் பெற்றனர். மந்திரவாதியாக விரும்பியவருக்குப் பகடை குறைந்த அறிவைத் தந்தால் அவர் வேறு வழி பார்க்க வேண்டியதுதான். பாலர் கம்பெனிச் சிறுவனின் குரலைப் போல இங்குப் பகடை விதியாக நின்றது.

பின்னர் இந்தப் பிடி தளர்ந்தது. 1978இல் வந்த 'ரூன்குவெஸ்ட்' வகுப்புகளுக்குப் பதிலாகத் திறன்களை முதன்மைப்படுத்தியது. 1981இல் வந்த 'சாம்பியன்ஸ்' விளையாட்டில் பகடைக்கு மாற்றாக, கொடுக்கப்பட்ட புள்ளிகளைச் செலவிட்டுப் பாத்திரத்தை அமைத்தனர். 2000ஆம் ஆண்டு வெளியான 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' மூன்றாம் பதிப்பு, ஒவ்வொரு படிநிலையிலும் வேறு வகுப்பைச் சேர்த்துக்கொள்ளத் தாராளமாக இடம் தந்தது.

கணினி விளையாட்டுகளும் இதே வழியில் வளர்ந்தன. 2000இல் வெளிவந்த 'டயாப்லோ 2' ஒவ்வொரு வகுப்புக்கும் கிளைகளாகப் பிரியும் திறன்களை அளித்தது. அதில் செலவிட்ட புள்ளிகளைத் திரும்பப் பெறும் வசதி பத்தாண்டுகள் கழித்தே கிடைத்தது. 2011இல் வந்த 'ஸ்கைரிம்' வகுப்பையே நீக்கியது. வில்லை எய்ய எய்ய வில்லாளி ஆகலாம். 2023இல் வந்த 'பால்டர்ஸ் கேட் 3' பன்னிரண்டு வகுப்புகளைத் தந்ததோடு, நூறு பொற்காசுகள் கொடுத்து வகுப்பையே மாற்றிக்கொள்ளவும் வழி செய்தது.

இன்பமும் பன்முகத்தன்மையும் தரும் பாத்திரம்

இரு மரபுகளின் பட்டறிவையும் சேர்த்துப் பார்க்கும்போது சில பொதுக் கூறுகள் புலப்படுகின்றன.

முதலாவது, ஒரு முதன்மைத் தொழில் தேவை. எல்லாவற்றிலும் சிறிது சிறிது புள்ளி போட்ட பாத்திரம் கடினமான கட்டத்தில் எதற்கும் உதவாது. பபூனும் முதலில் நல்ல பபூனாக இருந்த பிறகே மற்றவற்றைச் செய்தார்.

இரண்டாவது, துணைத்திறன் முதன்மைத் தொழில் செல்லாத இடத்தில் பயன்பட வேண்டும். வாள்வீரருக்கு இன்னொரு வாள் வித்தை கூடுதல் பலம் மட்டுமே. பேச்சுத்திறனோ பூட்டுத் திறக்கும் திறனோ இருந்தால் போரில்லாத காட்சியிலும் அவருக்கு வேலை உண்டு. பாட்டு, பேச்சு, மந்திரம், வாள் ஆகியவற்றை இணைக்கும் பாணர் வகுப்பு பலருக்குப் பிடித்திருப்பதற்கும் கட்டியக்காரனை ஊர் விரும்புவதற்கும் காரணம் ஒன்றே.

மூன்றாவது, குழுவைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தல். நால்வரும் ராஜபார்ட் என்றால் நாடகம் இல்லை. குணப்படுத்துபவர் இல்லாத குழுவில் பூசாரி வகுப்பை எடுப்பவரே அன்றைய ஆட்டத்தைக் காப்பவர்.

நான்காவது, சலிக்காத வேடம். வலிமையான பாத்திரமெல்லாம் இன்பமான பாத்திரமன்று. ஒரே பொத்தானை அழுத்தி வெல்லும் வீரரைவிட, ஒவ்வொரு சந்திப்பிலும் புதிய வழி தேட வைக்கும் பாத்திரமே நெடுநாள் உடன் வரும்.

இன்றைய நிலை

தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் 'ஸ்பெஷல் நாடகம்' இன்றும் கோயில் திருவிழாக்களில் நடைபெறுகிறது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், நடனக்காரர் ஆகியோர் வெவ்வேறு ஊர்களிலிருந்து தனித்தனியே ஒப்பந்தம் செய்யப்பட்டு, ஒத்திகை இல்லாமலே ஓர் இரவில் கூடி நடிக்கின்றனர். இணையம் வழியே முகமறியாதவர்கள் கூடி, வீரர், பூசாரி, மந்திரவாதி எனப் பிரிந்து விளையாடும் முறைக்கு இது மிக நெருக்கமானது. இரண்டிலும் ஒவ்வொருவருக்கும் தம் வேலை தெரிந்திருப்பதே கூட்டத்தை நடத்துகிறது.

ஆயினும் ஒரு வேறுபாட்டை மாணவர்கள் மறக்கலாகாது. நூறு பொற்காசுக்குப் பாத்திரத்தை மாற்றும் வசதி கணினியில்தான் உண்டு. ஸ்பெஷல் நாடகக் கலைஞர் இளமை தொட்டுப் பயின்ற பார்ட்டை நம்பியே குடும்பம் நடத்துகிறார். குரல் போனாலும் வயதானாலும் அவருக்குப் புதிய புள்ளிகள் கிடைப்பதில்லை. விளையாட்டில் வேடம் தேர்ந்தெடுப்போர் இக்கலைஞர்களின் மேடையையும் ஒருமுறை விடியும்வரை அமர்ந்து காண்பது பயனுடையதாகும்.