தோற்ற பிறகு எழுதிய சட்டம்: கலிபோர்னியா ரியல் எஸ்டேட் சங்கமும் வாக்குச்சீட்டும்

கலிபோர்னியாவின் ரியல் எஸ்டேட் முகவர்கள் ஆண்டுதோறும் தொழில் மாநாடு கூட்டுகிறார்கள். தலைநகர் சாக்ரமெண்டோவில் ‘சட்டமன்ற நாள்’ ஒன்றும் நடத்துகிறார்கள். அன்று காலையில் தலைவர்களின் பேச்சு. பிறகு அவரவர் தொகுதி உறுப்பினரைப் பார்த்து மசோதாக்களைப் பற்றிப் பேசுவது. இத்தகைய சங்கங்களின் செல்வாக்கை இந்தச் சந்திப்புகளையும் நன்கொடைக் கணக்கையும் வைத்து எடைபோடுவது ஆய்வாளர் வழக்கம். அது போதாது. 1905இல் தொடங்கிய இச்சங்கத்தின் பலம், தான் தோற்ற இடங்களில்தான் முழுதாக வெளிப்பட்டது.

யுரேகா நகரில் அரசு குடியிருப்புத் திட்டத்தை மக்கள் வாக்குக்கு விட வேண்டும் என்று எழுந்த கோரிக்கையை மாநில உச்ச நீதிமன்றம் 1950இல் ஏற்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் சங்கத்தின் ஆதரவோடு முன்மொழிவு 10 வாக்கெடுப்புக்கு வந்து, நூலிழையில் வென்றது. குறைந்த வருமானத்தினருக்கு அரசு வீடு கட்ட வேண்டுமானால் உள்ளூர் வாக்காளர் சம்மதிக்க வேண்டும் என்பது மாநில அரசியல் சாசனத்தின் 34ஆம் பிரிவாயிற்று.

1963இல் நடந்தது இன்னும் வெளிப்படையானது. பெர்க்கிலியைச் சேர்ந்த கறுப்பினச் சட்டமன்ற உறுப்பினர் பைரன் ரம்ஃபோர்டு வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் இனப் பாகுபாட்டைத் தடுக்கக் கொண்டுவந்த நியாய வீட்டுவசதி மசோதா, சட்டமன்றக் கட்டட மண்டபத்தில் சிவில் உரிமைப் போராளிகள் உள்ளிருப்பு நடத்திக்கொண்டிருக்க, கூட்டத்தொடரின் கடைசி இரவில் நிறைவேறியது. அது பலமாகத் திருத்தப்பட்ட, மெலிந்த சட்டம். அரசின் கடனுதவி பெறாத தனி வீடுகளை அது பெரும்பாலும் தொடவில்லை; அத்தகைய உதவி பெறாத கட்டடங்களில் நான்குக்கு மேற்பட்ட குடித்தனங்கள் உள்ளவற்றுக்கே பொருந்தியது. ஆனால் முகவர்களின் கையை அது கட்டியது. சங்கமோ வீட்டுக்காரரின் சுதந்திரம் பறிபோவதாகப் பிரசாரம் செய்தது. யாருடைய சுதந்திரம் என்று கேட்பாரில்லை. அச்சட்டத்தை முறியடிக்கும் சாசனத் திருத்தமான முன்மொழிவு 14ஐ வாக்கெடுப்புக்குக் கொண்டுவர நான்கரை லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகள் தேவைப்பட்டன. ஊர்தோறும் கிளை வைத்திருந்த அமைப்புக்கு அது பெரிய வேலையல்ல. 1964 நவம்பரில் அது சுமார் 65 விழுக்காடு ஆதரவுடன் வென்றது. சிவில் உரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்ட லிண்டன் ஜான்சனும் அதே நாளில் அதே மாநிலத்தில் பெரு வெற்றி பெற்றார். ஜான்சனுக்கு வாக்களித்த கையே வீட்டுக் கதவைச் சாத்தவும் வாக்களித்தது.

சுதந்திரம் என்ற கருத்தை ரியல் எஸ்டேட் முகவர்கள் திருத்தி எழுதியதே இந்த வெற்றியின் அடிப்படை என்பது ஜீன் ஸ்லேட்டர் 2021இல் வெளியிட்ட நூலின் வாதம். கருத்தின் பங்கை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே முழக்கம் சாக்ரமெண்டோவில் எடுபடவில்லை; கிளைகளும் கையெழுத்துத் தாள்களும் சேர்ந்த பிறகே அது சட்டமாயிற்று. மக்கள்தானே தீர்மானித்தார்கள் என்று கேட்கலாம். கேள்வியை எழுதியவர் யார் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். மேலும், சாதாரணச் சட்டத்தை அடுத்த சட்டமன்றம் மாற்றலாம். சாசனத்தில் ஏறியதை மாற்ற மீண்டும் மாநிலம் முழுவதையும் வாக்குச்சாவடிக்கு அழைக்க வேண்டும்.

சாண்டா ஆனாவில் வாடகை வீடு மறுக்கப்பட்ட மல்கி தம்பதியின் வழக்கில், மாநில உச்ச நீதிமன்றம் 1966இல் முன்மொழிவு 14ஐ ரத்து செய்தது. ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1967இல் 5-4 என்ற கணக்கில் அதை உறுதிசெய்தது. நோக்கம் தோற்றது, வழி தோற்கவில்லை. வயது முதிர்ந்தோர் வீடு மாறும்போது பழைய சொத்துவரி மதிப்பைக் கொண்டுசெல்லச் சங்கம் 2018இல் கொண்டுவந்த முன்மொழிவு 5 தோற்றது. சங்கம் மறுபடி கையெழுத்துத் திரட்டிற்று. பிறகு சட்டமன்றத்தோடு பேசித் தன் மனுவை விலக்கிக்கொண்டது. சட்டமன்றமே அனுப்பிய முன்மொழிவு 19 2020இல் 51 விழுக்காட்டில் வென்றது. கையெழுத்து மூட்டையோடு போகிறவரைச் சட்டமன்றம் காக்க வைப்பதில்லை.

தன் பழைய பாகுபாட்டுக்காகச் சங்கம் 2022இல் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. 34ஆம் பிரிவை நீக்குவதையும் ஆதரிக்கிறது. அதை மாற்றவோ நீக்கவோ 1974, 1980, 1993 ஆகிய ஆண்டுகளில் நடந்த வாக்கெடுப்புகள் தோற்றன. 2024 நவம்பருக்குக் குறித்திருந்த வாக்கெடுப்பைச் சட்டமன்றமே திரும்பப் பெற்றுக்கொண்டது.