துடைப்பக் கட்டையில் பிறந்த தாமஸ்

தாமஸ் என்னும் நீல எஞ்சினை அறியாத குழந்தைகள் இன்று குறைவு. அதனைப் படைத்த வில்பர்ட் ஆட்ரி (1911-1997) இங்கிலாந்துத் திருச்சபையின் குருவானவர். போர் கூடாதென்ற நம்பிக்கைக்காகத் திருச்சபையிலேயே எதிர்ப்பைச் சந்தித்தவர். இளமையில் பாக்ஸ் என்னும் ஊரில், இரவில் மேடேறும் ரயில்களின் இரைச்சலை எஞ்சின்களின் பேச்சாகவே கேட்டார்.

1943இல் தட்டம்மையால் படுத்திருந்த மகன் கிறிஸ்டோபருக்கு அப்பேச்சையே கதையாக்கினார். மனைவி மார்கரெட் தூண்ட, 1945இல் முதல் நூல் வெளிவந்தது. மகனுக்குப் பெரிய எஞ்சின் ஒன்று செய்ய விரும்பினார். போர்க்காலமாதலால் பொருள் கிட்டவில்லை. மரத்துண்டுகளையும் துடைப்பக் கட்டையையும் கொண்டு சிறியதொன்றையே செய்தார். அதுவே தாமஸ்! பொருள் கிடைத்திருந்தால் தாமஸ் பிறந்திருக்குமோ என நாம் ஐயுறுகிறோம்.

1965இல் பங்குப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பின்னும், தம் மாதிரி ரயிலைக் கண்காட்சிகளுக்குக் கொண்டுசென்று ஓட்டிக் காட்டினார்.