மில் கண்ட மேலின்பமும் கீழின்பமும்

மிகப் பலருக்கு மிகுந்த இன்பம் விளைவிப்பதே நற்செயல் எனக் கொள்ளும் பயன்பாட்டுவாதம், ஜெரமி பெந்தாம் 1789-இல் வெளியிட்ட அறநெறி, சட்டமியற்றல் பற்றிய நூலில் ஏறத்தாழ ஒரு கணக்கு முறையாகவே உருப்பெற்றது. இன்பத்தைச் செறிவு, நீட்சி, உறுதி, அண்மை, மேலும் இன்பம் ஈனும் வளம், துன்பக் கலப்பின்மை, அது சென்றடையும் மக்கட்பரப்பு என்னும் ஏழு கூறுகளால் அளக்க முற்பட்ட அவர், தரத்திற்கு அதில் இடமளிக்கவில்லை. இன்பத்தின் அளவு ஒன்றாயின் சிறுவர் விளையாட்டும் கவிதையும் சம மதிப்புடையனவே என்று எழுதவும் செய்தார். சிலரது சுவையைச் சட்டம் எல்லார் மீதும் சுமத்தலாகாது என்னும் சமநோக்கும் இக்கூற்றில் உண்டு என்பதைப் பெந்தாமைக் கடிபவர்கள் எளிதில் மறந்துவிடுகின்றனர்.

இக்கோட்பாட்டைப் பன்றிகளின் தத்துவம் என்று எழுத்தாளர் தாமஸ் கார்லைல் எள்ளிய காலத்தில், ஜான் ஸ்டூவர்ட் மில் 1861-இல் பிரேசர்ஸ் இதழில் எழுதி 1863-இல் நூலாக்கிய கட்டுரைகள் அதற்கு விடையளித்தன. இருவகை இன்பங்களையும் நன்கறிந்தோர் அனைவரும் அல்லது பெரும்பாலோர், மனநிறைவு குறையுமெனத் தெரிந்தும் ஒன்றையே தேர்ந்து, மற்றதை எவ்வளவு கொடுத்தாலும் அதனை விட்டுக்கொடுக்க மறுப்பாராயின், அதுவே மேலின்பம் என்றார் மில். அறிவு, கற்பனை, அறவுணர்வு ஆகியவற்றால் எய்தும் இன்பங்களை அவர் இவ்வகையில் சேர்த்தார். ஆனால் இன்பம் ஒன்றே நன்மை எனில், குறைந்த இன்பம் கூடுதலான இன்பத்தை எவ்வாறு விஞ்சும்? 1874-இல் மெய்யியலாளர் ஹென்றி சிட்ஜ்விக் எழுப்பிய இத்தடையை மில்லின் ஆதரவாளர்கள் முழுமையாகக் கடந்துவிட்டதாகச் சொல்ல இயலாது.

மில்லின் உண்மையான வலிமை வேறோரிடத்தில் உள்ளது. மேலின்பத்தைச் சுவைத்தவர்களும் நாளடைவில் கீழின்பத்தில் அமிழ்வது ஏன் என்ற வினாவிற்கு, அவர்கள் அதனை விரும்பித் தேர்வதில்லை; நுண்ணுணர்வு பேணுவாரற்ற இளஞ்செடி போல எளிதில் பட்டுப்போவது; தொழிலும் சூழலும் அதற்கு இடந்தராதபோது சுவைக்கும் திறனே அற்றுவிடுகிறது என்று அவர் விடையிறுத்தார். மூன்று வயதில் கிரேக்கம் கற்கத் தொடங்கி, இருபதாம் வயதில், 1826-இல், எதிலும் இன்பம் காணாத மனச்சோர்வுக்கு ஆளாகி, வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதைகளால் தேறியவர் அவர் என்பதை நினைத்தால், இவ்விடை வெறும் தருக்கத்தில் பிறந்ததன்று என்பது விளங்கும்.

இவ்விடையை ஏற்றால், இன்பங்களின் தரவரிசை பற்றிய வினா, ஓய்வும் கல்வியும் யாருக்குக் கிட்டுகின்றன என்ற சமூக வினாவாகிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தொடக்கக் கல்விச் சட்டம் வந்ததே 1870-இல்தான். அதற்கு முன்னர், இருவகை இன்பங்களையும் அறிந்த நடுவர்கள் என மில் கருதியோர் மக்களுள் சிறுபான்மையினராகவே இருந்திருக்க வேண்டும். அச்சிறுபான்மையின் தேர்வை மனித இயல்பின் தீர்ப்பாகக் கொள்வதில் உள்ள இடரை மில் போதிய அளவு ஆராயவில்லை. எனினும், ஒவ்வொரு குழந்தையும் கல்வி பெறுவதை அரசு கட்டாயமாக்க வேண்டும் என்று 1859-இலேயே 'சுதந்திரம் பற்றி' என்ற நூலில் வாதிட்டவரும் அவரே.